வெயில் பட்ட பிள்ளை

தமிழில் நிறத்துக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு, சிவப்பு என்று இரண்டோடு நிற்கிற சமாசாரம் இல்லை. மாநிறம், புதுநிறம், பொதுநிறம், கோதுமை நிறம், 'கறுப்பானாலும் களை', 'நிறம் கொஞ்சம் மட்டு'... இந்த அகராதி முழுக்கக் கல்யாணத் தரகர்கள் தயாரித்தது. அதிலும் இந்த 'மாநிறம்' இருக்கிறதே, அதன் கொள்ளளவு எங்கள் கோட்டாறு கம்போளத்து வத்தல் சாக்கைவிடப் பெரிசு. எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டு அமுக்கிக் கட்டிவிடலாம்.

பிறந்த பிள்ளையின் காது மடலைத் திருப்பிப் பார்த்து நிறம் சொல்கிற ஜோசியம் ஒன்றும் உண்டு. என் பேத்தி பிறந்தபோது என் தங்கை பார்த்தாள். "அண்ணே, இப்பம் இருக்கதைப் பாக்காதீங்க. காது தெளிஞ்சிருக்கு. மூணு மாசத்துல நிறம் வந்திரும்" என்றாள். மூன்று மாசம் போயிற்று. 13 வருஷமும் போயிற்று. நிறம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவளுக்கு வேகப்பந்து வீச்சு வந்தது.

(பேத்தியின் பெயரை இங்கே போடக்கூடாது என்று உத்தரவு. போட்டால் அடுத்த பந்து என் முழங்காலுக்கு என்று சொல்லியிருக்கிறாள். 35 வருஷம் கம்போளத்து மொத்தக் கடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கணக்கு எழுதின முழங்கால். ஏற்கெனவே அது ஒத்துழைப்பதில்லை.)

அவள் பந்து போடக் கற்றது எங்கள் வீட்டுப் பக்கத்து முடுக்கில். ஆறடி அகலம். இரண்டு பக்கமும் சுவர். பந்து கொஞ்சம் விலகிப் போனால் அடுத்த வீட்டு அடுக்களைக்குள் விழும். உள்ளே இருக்கிற அம்மாள் பந்தைத் திருப்பித் தருவார். கூடவே பத்து வார்த்தையும் தருவார். அதற்குப் பயந்தே இந்தப் பிள்ளை நேராகப் போட்டுப் பழகிவிட்டது. பெரிய பயிற்சி நிலையங்களில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிற 'லைன்' எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது இப்படித்தான்.

2025 நவம்பர் 2-ஆம் தேதி ராத்திரி நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கினார்களே, அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. தீப்தி சர்மா ஐந்து விக்கெட் எடுத்தார். ஷெபாலி வர்மா 87 அடித்தார். பேத்தி மட்டும் அணியில் இருந்த கிராந்தி கௌட் என்ற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்த வேகப்பந்துக்காரி. "தாத்தா, அந்த அக்கா எங்க ஊரு மாதிரி ஒரு ஊருதான்" என்றாள். அதற்கடுத்த வாரமே பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர், மாவட்டத் தேர்வுக்கு இவளை அனுப்பலாம், தினமும் சாயங்காலம் மூன்று மணியிலிருந்து மைதானத்துக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று மணி என்றதும் பிடித்தது வினை.

"மூணு மணி வெயிலா?" என்றாள் என் மருமகள். "மாமா, அவ கையைப் பாருங்க. முழங்கைக்கு மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம். ரயில் பெட்டிக்குப் பாதி பெயின்ட் அடிச்சு நிப்பாட்டின மாதிரி இருக்கு. இன்னும் வெயில்ல நின்னா பிறவு யாரு கெட்டுவா?"

"யம்மா, 13 வயசுதானே ஆகுது?"

"இப்பம் கறுத்தா பொறவு வெளுக்குமா?"

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் பதில் உண்டு. வெயில் பட்டுக் கறுப்பது தோலின் தற்காப்பு வேலை. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் உள்ளே போய்க் கெடுதல் செய்யாமல் இருக்க, தோல் மெலனின் என்ற சாயத்தைக் கூடுதலாகத் தயாரித்துக் குடை பிடிக்கிறது. வெயிலில் நிற்பதை விட்டால் சில வாரங்களில் அந்தக் கூடுதல் கறுப்பு மங்கிவிடும். பிறவியிலேயே கறுப்பாக இருக்கிறவனுக்குக் குடையும் பிறவியிலேயே கூட வருகிறது. அது இல்லாத வெள்ளைக்காரர்கள் படுகிற பாட்டை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். தோல் புற்றுநோய் அங்கே அவ்வளவு அதிகம். ரிச்சி பெனோ தொப்பி போடாமல் ஆடியவர். வயதான காலத்தில், 2014-இல், நெற்றியில் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். தொண்ணூறுகளில் தென்னாப்பிரிக்காவின் ஆலன் டொனால்டு மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளையாக எதையோ அப்பிக்கொண்டு ஓடிவருவாரே, ஞாபகம் இருக்கிறதா? அது துத்தநாகக் களிம்பு. வெயிலில் தோல் வெந்துபோகாமல் இருக்கப் பூசுவது.

இதையெல்லாம் நான் விளக்கமாகச் சொன்னேன். மருமகள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அந்த டொனால்டுக்கும் கல்யாணம் நிக்குதா மாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் தங்கை வேறு போனில் மருத்துவம் சொல்ல ஆரம்பித்தாள். பச்சைப்பயறு மாவு, கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், தயிர். ஒரு வாரம் எங்கள் வீட்டில் புளிசேரி வைக்கத் தயிர் இல்லை. எல்லாம் பேத்தியின் முகத்தில்.

நான் மனசு சரியில்லை என்றால் கம்போளத்துக்குப் போவேன். அங்கே கயிற்றுக் கடை வைத்திருக்கிற என் பழைய கூட்டாளி ஒருவர் உண்டு. கிரிக்கெட்டில் பெரிய புள்ளி. அதாவது, ஆடினதில்லை, பேசுவார். அவரிடம் 'நிறம்' என்று வாயெடுத்தேன். அவ்வளவுதான், கயிற்றுக் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"வெள்ளக்காரனுக்க திமிரைச் சொல்லுதீரா வே? சிட்னியில நம்ம சிராஜை என்ன பேச்சுப் பேசினான்! மறந்திருவேனா?"

அவர் சொன்னது 2021 ஜனவரி மாசத்து சிட்னி டெஸ்ட். எல்லைக் கோட்டோரம் நின்ற முகமது சிராஜையும் பும்ராவையும் பார்வையாளர் கூட்டத்தில் சிலர் கேவலமாகப் பேசினார்கள். அப்பா இறந்துபோன செய்தி வந்தும் ஊருக்குத் திரும்பாமல் ஆடிக்கொண்டிருந்த பையன் சிராஜ். அவர் நேரே நடுவரிடம் போய்ச் சொல்ல, ஆட்டம் நின்றது. ஆறு பேரை மைதானத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அப்புறம் பிரிஸ்பேனில் நம் ஆட்கள் அந்தத் தொடரையே ஜெயித்துக்கொண்டு வந்ததும், அதில் நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஆடியதும் உங்களுக்குத் தெரிந்ததே.

கூட்டாளி கொதித்துக்கொண்டே, "லேய் கரிக்கட்டை, சாருக்கு ஒரு சாயா வாங்கிட்டு வா" என்று கடைப் பையனுக்கு உத்தரவு போட்டார்.

அந்தப் பையனுக்குப் பெயர் இருக்கிறது. அழகான பெயர். அதை அங்கே யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சாயா வரும்வரை கூட்டாளி வெள்ளைக்காரனின் நிறவெறியைப் பற்றி மேலும் பத்து நிமிஷம் பேசினார். சாயா நன்றாக இருந்தது.

சிட்னிக்கு 13 வருஷம் முந்தி, 2007 அக்டோபரில், ஆஸ்திரேலிய அணி இங்கே வந்திருந்தபோது ஆண்ட்ரூ சைமண்ட்ஸை நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று அவரிடம் கேட்டேன். மேற்கிந்திய ரத்தம் கலந்த ஆஸ்திரேலியர் சைமண்ட்ஸ். வதோதராவிலும் மும்பையிலும் கூட்டத்தில் ஒரு பகுதி அவரைப் பார்த்துக் குரங்கு மாதிரிக் கத்தியது. "அது சும்மா வெளையாட்டுக்கு வே" என்றார் கூட்டாளி.

வெளையாட்டுக்குத்தான். மேற்கிந்தியத் தீவுகளுக்கு இரண்டு முறை இருபது ஓவர் உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த கேப்டன் டேரன் சாமியும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்கு 2013, 14-இல் ஆடியபோது அவரையும் இலங்கையின் திசர பெரேராவையும் 'காலு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். (நம் கால் இல்லை. இந்திக் காலு, கறுப்பன் என்று பொருள்.) அவர் அதைப் 'பலசாலிக் குதிரை' என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்திருக்கிறார். 2020-இல்தான் அர்த்தம் தெரிந்து, மனசு நொந்து வெளியே சொன்னார். ஒரு மனுஷன் ஆறு வருஷம் தன்னைக் குதிரை என்று நம்பிக்கொண்டிருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிஷம் சிரிப்பு வரவில்லை.

இதே மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வொரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கறுப்பர்கள் ஆடிய அந்த அணிக்கு, ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பர் ஒருவரைக் கேப்டனாகப் போட 1960 வரை மனசு வரவில்லை. அப்படி முதலில் வந்தவர் வொரல். 1962-இல் நம் அணி அங்கே போயிருந்தபோது பார்படாஸில் சார்லி கிரிஃபித் போட்ட பந்து நம் கேப்டன் நாரி காண்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து. ரத்தம் வேண்டும். எதிரணிக் கேப்டன் வொரல் ஓடிவந்து கை நீட்டினார். அந்த நன்றிக்கு இன்றைக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3-ஆம் தேதி வொரல் நாள் என்று ரத்ததான முகாம் நடத்துகிறது. காண்ட்ராக்டர் பிழைத்தார். ஆனால் திரும்ப டெஸ்ட் ஆடவில்லை.

இதையெல்லாம் வடக்கத்திக்காரன் சமாசாரம், தமிழ்நாட்டில் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய சென்னைப் பையன்கள் இரண்டு பேர் சொன்னதைக் கேளுங்கள்.

ஒருவர் அபினவ் முகுந்த். தொடக்க ஆட்டக்காரர். 2017 ஜூலையில் காலியில் இலங்கைக்கு எதிராக 81 ரன் அடித்தார். ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அந்தச் சுற்றுப்பயணத்தில் இருக்கும்போதே, ஒரு பக்கத்துக்கு எழுதி ட்விட்டரில் போட்டார். சாராம்சம் இதுதான்: 15 வயசிலிருந்து ஊர் ஊராகப் போய் ஆடுகிறேன். என் நிறத்தைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கிற அக்கறை எனக்குப் புரியவே இல்லை. வெயிலில் நின்று ஆடுகிறவன் கறுக்காமல் என்ன செய்வான்? நான் சென்னைக்காரன், நாட்டிலேயே அதிக வெயில் அடிக்கிற ஊர்களில் ஒன்று. அந்த வெயிலில் நின்றதற்கு நான் வருத்தப்படவில்லை. அணியில் கூட ஆடுகிறவர்கள் யாரையும் சொல்லவில்லை என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். வெளியில் இருந்து பேசுகிற ஜனத்தைத்தான் சொன்னார். வெளியில் இருக்கிற ஜனம் என்றால் நீங்கள், நான், கயிற்றுக் கடை.

அந்த காலி ஆட்டம்தான் அவருடைய கடைசி டெஸ்ட் என்பது தற்செயல். ராகுல் திரும்பி வந்ததால் இடம் போயிற்று. அதை இதோடு முடிச்சுப் போட எனக்கு இஷ்டமில்லை.

இன்னொருவர் எல். சிவராமகிருஷ்ணன். என் வயசுக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். 17 வயசில், 1983-இல், ஆன்டிகுவாவில் டெஸ்ட் ஆடப் போன பையன். அன்றைக்கு இந்தியாவிலேயே அவ்வளவு சின்ன வயசில் டெஸ்ட் ஆடினவர் வேறு இல்லை. 1984-இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட். 1985 மார்ச்சில் மெல்போர்னில் இறுதிப் போட்டியில் ஜாவேத் மியாந்தாதை ஏமாற்றி ஸ்டம்ப்பிங் வாங்கினாரே, அந்த லெக் ஸ்பின்னை ரேடியோவில் கேட்டே நாங்கள் கம்போளத்தில் ஆடிக் காட்டினோம். மொத்தம் ஒன்பது டெஸ்ட்டோடு அவர் ஆட்டம் முடிந்துபோனது நமக்கெல்லாம் ஆறாத குறை.

2021 நவம்பரில் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் அணியில் தனக்கு நடந்த நிறவெறிக் கொடுமைகளை அஸீம் ரஃபீக் என்ற வீரர் நாடாளுமன்றக் குழு முன்னால் சொல்லி அழுதார். உலகமே பேசியது. அந்தச் சமயத்தில் சிவா ட்விட்டரில் இரண்டே வரி எழுதினார். நிறத்தை வைத்து வாழ்நாள் முழுக்கத் தன்னை ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் இப்போது அது தன்னை ஒன்றும் செய்வதில்லை, வருத்தம் என்னவென்றால் நடந்தது சொந்த நாட்டிலேயே என்று. வாசித்துவிட்டு நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பம்பாயில் 12 விக்கெட் எடுத்தவரையும் நாம் அப்படித்தான் பார்த்திருக்கிறோமா? அந்தப் பன்னிரண்டும் போதவில்லையா?

இந்தியாவில் கிரிக்கெட்டே பிரித்துவைத்துத்தான் தொடங்கியது என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சென்னையில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இந்தியனுக்கு இடம் கிடையாது. அந்தக் கோபத்தில்தான் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பிற்பாடு பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் 'இந்தியர் - ஐரோப்பியர்' என்றே பெயர் வைத்து ஆட்டம் நடந்தது. சுதந்திரம் வந்து ஐந்து வருஷம் வரைக்கும் நடந்தது! கரும்பைக் கடித்துக்கொண்டு நிறத்துக்கு நிறம் கை தட்டியிருக்கிறார்கள்.

பம்பாயில் இன்னும் விசேஷம். ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று மதத்துக்கு ஒரு அணி. 1937-இல் ஐந்தாவதாக 'மற்றவர்கள்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர், யூதர், பௌத்தர் எல்லாம் அந்தக் கூட்டாஞ்சோற்றில். விஜய் ஹசாரே கிறிஸ்தவர் என்பதால் 'மற்றவர்'. 1943-இல் இந்துக்களுக்கு எதிராக அந்த அணி எடுத்த 387-இல் ஹசாரே மட்டும் 309. எதிர்முனையில் அவர் தம்பி நின்று 300 ரன்னுக்குக் கூட்டணி போட்டார். தம்பியின் பங்கு 21. (கூட்டுக் குடும்பத்தில் இப்படி ஒரு தம்பி எல்லோருக்கும் உண்டு.) காந்தி எதிர்த்துப் பேசியும் இது 1946 வரை நடந்தது.

இதே ஏற்பாட்டை எங்கள் கோட்டாற்றில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சவேரியார் கோயில் பக்கம் ஒரு அணி, இளங்கடைப் பக்கம் ஒரு அணி, அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு உட்பிரிவு அணிகள். கடைசியில் அம்பயருக்கு ஆள் கிடைத்திருக்காது. கிடைத்தாலும் எந்தத் தெரு என்று கேட்டிருப்பார்கள்.

அந்தப் பம்பாய் ஆட்டங்களில் இந்து அணிக்குள்ளேயே ஒரு கதை உண்டு. பல்வங்கர் பாலு. செருப்புத் தைக்கிற சமூகத்தில் பிறந்த இடதுகைச் சுழற்பந்துக்காரர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கிற வேலைக்கு இருந்தார். வலையில் அந்தத் துரைகளுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டார். மட்டையை ஒருநாளும் அவர் கையில் கொடுக்கவில்லை. இவர் பந்தின் அருமை தெரிந்து பூனா இந்துக்கள் தங்கள் அணிக்கு அழைத்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கொட்டகைக்கு வெளியே, மண் குவளையில். 1911-இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்துவிட்டு வந்தவர் அவர். ஆனால் இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டன் ஆக்கவில்லை. 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது.

இந்தக் கதை எங்கள் ஊர்க்காரனுக்குப் புரியாமல் போகாது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சுசீந்திரத்தில், கோயில் தெருவில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அப்படி நடக்க விடாதவர்களில் எத்தனை பேர் நல்ல கறுப்பு என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. சாமி மட்டும் கறுப்பாக இருந்தால் நமக்கு ஆட்சேபம் கிடையாது. கண்ணன் கறுப்பு, ராமன் கறுப்பு, சுடலைமாடன் கேட்கவே வேண்டாம்.

எங்கே விட்டேன்? ஆங், மூன்று மணி வெயில்.

விளம்பரம் ஒன்று சொல்ல வேண்டும். 2003 உலகக் கோப்பை சமயத்தில் டி.வி.யில் வரும். ஒரு பெண்ணுக்குக் கிரிக்கெட் வர்ணனையாளர் ஆக ஆசை. களிம்பு பூசுகிறாள். சிவக்கிறாள். மைக் கைக்கு வந்துவிடுகிறது. கிரிக்கெட் தெரிந்தது போதாது, முகத்தில் ஒரு குழாய்க் களிம்பும் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'சிவப்பு' என்கிற பொருள் வரும் சொல்லை 2020-இல் எடுத்துவிட்டார்கள். குழாய் அப்படியேதான் இருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியில்கூட ஒன்று இருக்கிறது. பேத்தி அதன் மூடியைக் கழற்றி முடுக்கில் பந்து விழ வேண்டிய இடத்துக்கு அடையாளமாக வைத்திருந்தாள். அதனால்தான் அன்றைக்கு வீட்டில் சண்டை.

சண்டை முற்றி, மருமகள் அலமாரியின் கீழ்த்தட்டை இழுத்து ஒரு பழைய பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன்னால் போட்டாள். உள்ளே ஒரு சான்றிதழ். ஓரம் எல்லாம் பூச்சி அரித்தது. பள்ளிகளுக்கு இடையே மாவட்டப் போட்டி, 200 மீட்டர் ஓட்டம், இரண்டாம் இடம். கீழே அவள் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்து 16 வருஷம். இப்படி ஒன்று இருப்பது என் மகனுக்கே தெரியாது.

"பூதப்பாண்டிப் பள்ளிக்கூடத்துல எனக்க முன்னால ஓட ஆள் கெடையாது மாமா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பத்தாம் கிளாசுல அம்மை நிறுத்திப்போட்டா. வெயில்ல ஓடி ஓடிக் கறுத்துப் போயிட்டேன், இனி யாரும் கெட்டமாட்டான்னு. சரின்னு நிறுத்திட்டேன். பிறவும் மூணு எடம் வந்து பாத்துட்டு, பொண்ணு நிறம் மட்டுன்னு சொல்லிட்டுப் போனாவ. ஒருத்தி எனக்க கையைப் பிடிச்சு அவ மகனுக்க கையோட வச்சுப் பாத்தா மாமா, துணிக்கடையில சட்டைத்துணிக்கு நூல் சேருதான்னு பாக்க மாதிரி. அதை நான் மறக்கல. இவளுக்கு அது வரப்பிடாது. அதுக்குத்தான் சொல்லுகேன். எனக்கென்ன கிரிக்கெட் மேல விரோதமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மெலனினும் டொனால்டும் எந்த மூலைக்கு?

பேத்தி சான்றிதழை எடுத்து இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் கேட்டாள்.

"யம்மா, நிறுத்தின பிறவும் மூணு பேரு வேண்டாம்னு சொல்லியாச்சுல்லா? அப்பம் ஓடியிருக்கலாமே?"

மருமகள் பதில் சொல்லவில்லை. அடுப்பில் எதுவோ காந்துகிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வீட்டில் இந்தப் பேச்சே இல்லை. மகன் என்னைப் பார்ப்பான், நான் மகனைப் பார்ப்பேன். ஆம்பிளைகள் இரண்டு பேரும் செய்த பெரிய உதவி, வாயைத் திறக்காமல் இருந்ததுதான். நடுவில், தமிழ்நாட்டுப் பெண் ஜி. கமலினியை 16 வயசில் மும்பை அணி 1 கோடியே 60 லட்சத்துக்கு ஏலம் எடுத்தது என்ற 2024-ஆம் வருஷத்துச் செய்தியை மகன் சத்தமாக வாசித்துப் பார்த்தான். "துட்டுக்காக நான் பிள்ளையை வெயில்ல நிறுத்துவேன்னு நெனச்சியளா?" என்று ஒரு கேள்வி வந்தது. அவன் பத்திரிகையை மடித்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணி. முடுக்கில் பேத்தி பந்து போட்டுக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் சாயாவோடு. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மருமகள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்று ஐந்தாறு பந்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, ஓடி வரையில கடைசி நாலு எட்டு என்னத்துக்குக் குறுக்குகே? பயமா?"

"இல்லம்மா, கோடு தாண்டிரும்லா?"

"கோடு தாண்டாம இருக்கணும்னா பின்னால இருந்துல்லா ஆரம்பிக்கணும்! முன்னால வந்து குறுக்குனா வேகம் செத்துப்போகும். தள்ளு."

அவள் பந்து போடுகிற இடத்திலிருந்து பின்னோக்கி எட்டு வைத்து நடந்தாள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு. பதினாலாவது எட்டில் குனிந்து கோலப்பொடியால் ஒரு கோடு இழுத்தாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து ஒரு தடவை ஓடியும் காட்டினாள். கையில் பந்து இல்லை. ஆனாலும் அடுத்த வீட்டு அம்மாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மணிக்குத் தொடங்கினால் முடிய இரண்டாகும், நல்ல உச்சி வெயில். நேற்று மருமகள் மீனாட்சிபுரம் போய் இரண்டு வெள்ளைத் தொப்பி வாங்கிவந்தாள். ஒன்று பேத்திக்கு. இன்னொன்று பெரிய அளவு. எனக்கோ என்று தலையில் வைத்துப் பார்த்தேன்.

"அதை வையுங்க மாமா, அது எனக்கு" என்றாள்.